பட்டன் மேல இருந்த பொட்டு

போன வாரம் ஷமீமா போன் பண்ணினா. எங்க காதர் பாயோட பொண்ணு. கேம்ப் ரோட்டுல பாய் நடத்தின கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இப்ப அவதான் பார்த்துக்கறா.

"அங்கிள், இப்ப கடைக்கு லேப்டாப்பும் கேமராவுமாத்தான் வருது. வீட்டு சிஸ்டம் ஆன் ஆகலைன்னு ஒரு கால் வந்தா எங்க ஆளுங்க முழிக்கறாங்க. நீங்க முப்பது வருஷம் வீடு வீடாப் போய்ப் பார்த்தவரு. வாப்பாகிட்ட கத்துக்கிட்டதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். கடை குரூப்ல போடறேன்."

சரின்னுட்டேன். போனை வெச்சதும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஏன்னா என் வீட்லயே ஒரு கம்ப்யூட்டர் ஏழு மாசமா ஆன் ஆகாம கிடக்கு. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்த்த ஆளு நான்.

அது என் அக்கா வசந்தாவோட சிஸ்டம். அக்கா தை மாசம் போயிட்டா. அது ஏன் ஆன் ஆகலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஈரத்துணியால அழுத்தி ஒரு துடை துடைச்சா சரியாயிடும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷ வேலைக்குக் கை போக மாட்டேங்குது. அக்கா தினம் சாயங்காலம் அரை மணி நேரம் அது முன்னால உக்காந்து என்னமோ அடிச்சுக்கிட்டே இருப்பா. அது என்னன்னு படிக்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. இருந்தும் துடைக்க முடியலை. ஏன்னு சொல்லணும்னா கோவிலம்பாக்கத்துல நான் பண்ணின தப்பைச் சொல்லணும். அதைச் சொல்லணும்னா முதல்ல பாயைச் சொல்லணும். ஷமீமா, நீ கேட்டது ஒண்ணு, நான் எழுதறது ஒண்ணு. பொறுத்துக்கோ.

படிப்பைப் பத்திப் பெருசா ஒண்ணுமில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்து அக்காதான் என்னை எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்க வெச்சா. ரெண்டு வருஷம் டிவி ரிப்பேர்னு தாம்பரம் பூரா அலைஞ்சேன். அப்புறம் பாய் கடைக்கு வந்தேன். அங்கேயே தலை நரைச்சுது.

பாய் கத்தற ஆளில்லை. அதான் பயமே. ஒரு வீட்டுக்குள்ள போனா முதல்ல செருப்பை ஜோடி சேர்த்து ஓரமா விடுவார். உக்காருவார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டுக் கேட்பார்: "கடைசியா நல்லா ஓடினது எப்போம்மா? அதுக்கப்புறம் வீட்ல என்ன நடந்துச்சு?" கம்ப்யூட்டர்ல என்ன நடந்துச்சுன்னு கேட்க மாட்டார். வீட்ல. பெயிண்ட் அடிச்சீங்களா, மேஜையை இடம் மாத்தினீங்களா, விருந்தாளி வந்தாங்களா, குழந்தை தவழ ஆரம்பிச்சிடுச்சா, எலி இருக்கா. எனக்கு அப்போ எரிச்சலா வரும். பெட்டியைத் திறந்தா தெரிஞ்சுட்டுப் போகுது, இதுல ஊர்க்கதை எதுக்குன்னு நினைப்பேன்.

கேட்டு முடிச்சதும் சுவத்துல இருக்கற ஸ்விட்ச். பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். பெருக்கும்போது பிளக் நகர்ந்திருக்கும், இல்லைன்னா யாரோ ஸ்விட்சை அணைச்சிருப்பாங்க. பாய் சத்தமில்லாம அதைப் போட்டுட்டு "லூஸ் காண்டாக்ட்மா"ன்னு சொல்லிட்டு எழுந்துடுவார். வெளியில வந்ததும் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "அவங்க வீட்லயே அவங்களை முட்டாளாக்கக் கூடாது சேகர்"ன்னுவார்.

இன்னொண்ணு, பாஸ்வேர்டு. இப்ப எல்லாரும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிக்கறாங்க. பாய்கிட்ட அது நடக்காது. பாஸ்வேர்டு கேட்கவே கூடாது, அவங்களே வந்து அடிக்கணும், அவங்க அடிக்கறப்போ நாம முகத்தைத் திருப்பிக்கணும். பம்மல்ல ஒரு பெரியவர், தோல் பட்டறை வெச்சிருந்தவர், ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டுல தேடித் தேடி அடிப்பார். தப்பாயிடும். மறுபடி முதல்லேருந்து. பாய் அந்தப் பக்கம் திரும்பிச் சுவத்துல மாட்டியிருந்த தேதி காலண்டரைப் பார்த்துக்கிட்டே நிப்பார். "இன்னிக்கு ராகு காலம் ஒன்றரையிலேருந்து மூணு"ன்னு சத்தமா வேற படிப்பார். "பாய், உனக்கு இன்னாத்துக்கு ராகு காலம்?"னு பெரியவர் கேட்டா, "வேற எங்கே பார்க்கறது சார், நீங்க அடிங்க"ன்னுவார். மூணாவது தடவைதான் திறந்துச்சு. அதுவரைக்கும் பாய் காலண்டர்ல இருந்து கண்ணை எடுக்கலை.

அந்தப் பழக்கம் எனக்கும் அப்படியே ஒட்டிக்கிச்சு. வீட்ல அக்கா சிஸ்டத்தை ஆன் பண்ணினாக்கூட நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். "டேய், நான் என்ன உன் கஸ்டமரா?"ன்னு அக்கா சிரிப்பா.

இப்ப கோவிலம்பாக்கம். எனக்கு அப்போ நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். எல்லாம் தெரிஞ்சவன்னு திமிர் இருந்த வயசு. ஏகாம்பரம்னு ஒருத்தர். அந்த ஊர்ப் பழைய குடும்பம், விவசாயம் பார்த்த நிலத்துல இப்ப வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாங்க. கடைக்குப் போன் பண்ணி, "சிஸ்டம் ஆன் ஆவுது, ஒடனே நின்னு பூடுது"ன்னார்.

போனேன். பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஒண்ணு ரெண்டு எண்ணி அஞ்சு வர்றதுக்குள்ள அணைஞ்சிடுது. பாய் சொன்ன மாதிரி உக்காந்து கேட்டேனா? கேட்கலை. பார்த்ததுமே பவர் சப்ளைன்னு முடிவு பண்ணிட்டேன். பையிலிருந்து வேற ஒண்ணை எடுத்து மாட்டினேன். அஞ்சு எண்றதுக்குள்ள அணைஞ்சுது. மெமரியைக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சுப் போட்டேன். அணைஞ்சுது. உள்ளே இருக்கற குட்டி பேட்டரியை மாத்தினேன். அதே கதை. ஏகாம்பரம் பக்கத்துலயே கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "உள்ள கீறது எல்லாம் அப்படியே இருக்கணும்பா"ன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வந்தேன். மதர்போர்டை வெளியில எடுத்து பெஞ்சுல வெச்சு, ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டு பின்னைத் தொட்டு ஆன் பண்ணினேன். ஓடுச்சு! சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. மறுநாள் பந்தாவாக் கொண்டு போய் அவர் வீட்ல வெச்சு பட்டனை அமுக்கினேன். அஞ்சு எண்றதுக்குள்ள அணைஞ்சுது. எனக்கு மானமே போச்சு. மறுபடி கடைக்குக் கொண்டு வந்தேன், பெஞ்சுல ஓடுச்சு. மறுபடி வீட்ல ஓடலை. ஏகாம்பரம் திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலை.

மூணாவது தடவை அவர் வீட்லேருந்தே பாய்க்குப் போன் பண்ணினேன். பாய் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெஞ்சுல இல்லாதது, அவங்க வீட்ல இருக்கறது, அது எது சேகர்?"

அப்பத்தான் உறைச்சுது. பட்டன்! பெஞ்சுல நான் பட்டனைத் தொடவே இல்லையே. குனிஞ்சு பார்த்தேன். பெரிய பட்டன் மேல சந்தனம், நடுவுல குங்குமம். ஆயுத பூஜைக்கு வெச்சது. நம்ம ஊர்ல கத்தி, அரிவாள்மனை, ஸ்கூட்டர்னு எல்லாத்துக்கும் வெக்கற மாதிரி கம்ப்யூட்டருக்கும் வெச்சிருக்காங்க, அதுவும் சரியா பட்டன் மேல. சந்தனம் இடுக்குல வழிஞ்சு போய் உள்ளே காய்ஞ்சிருக்கு. அமுக்கினா பட்டன் திரும்பி வெளியில வர்றதில்லை, உள்ளேயே ஒட்டிக்குது. பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சா சிஸ்டம் தானா அணைஞ்சிடும். அதான் நடந்திருக்கு.

சந்தோஷம் தலைக்கேறிடுச்சு எனக்கு. பையில இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சேன். ரெண்டு தேய். சந்தனம், குங்குமம் எல்லாம் போச்சு. பட்டன் பளபளன்னு ஆச்சு, டக் டக்னு உள்ளே போய் வெளியில வந்துச்சு. ஆன் பண்ணினேன். ஓடுச்சு. "பாருங்க சார்!"னு பெருமையாத் திரும்பினேன்.

ஏகாம்பரம் திரையைப் பார்க்கலை. பட்டனைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"அந்தப் பொட்டு இன்னாப்பா ஆச்சு?"

"அதான் சார் வில்லங்கமே. துடைச்சுக் கடாசிட்டேன். சாமிக்கு வெக்கணும்னா இனிமே பக்கவாட்டுல வெக்கச் சொல்லுங்க"ன்னு ஜோக்கு வேற அடிச்சேன்.

அவர் என் கையில இருந்த பஞ்சைப் பார்த்தார். சிவப்பாகியிருந்துச்சு. எழுந்து வெளியில போயிட்டார். அவர் வீட்டம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. மெதுவா வந்து சொன்னாங்க. "எங்க பொண்ணு வெச்சதுப்பா அது. பூஜை ஆனதும் பத்து நாள்ல, இஷ்டப்பட்டவனோட பூட்டா. அவ பேரையே இந்த வூட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அவ துணி, போட்டோ, ஒண்ணும் கிடையாது, அல்லாத்தையும் எடுத்துப் போட்டாரு. இந்தப் பொட்டை மட்டும் யாரையும் துடைக்க வுட மாட்டாரு. அவ இருந்தப்போ பட்டன் மாட்டிக்கிச்சுன்னா ஊக்கால நெம்பி வுடுவா. எங்களுக்கு அது தெரியல. ஓடினா போதும்னுதான் உன்னைக் கூப்ட்டது."

மூணு நாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கேன். வீட்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கலை நான். கேட்டிருந்தா அந்தம்மா முதல் நாளே சொல்லியிருப்பாங்க. பட்டனும் தெரிஞ்சிருக்கும், பொட்டும் தெரிஞ்சிருக்கும்.

கடைக்கு வந்து பாய்கிட்ட சொன்னேன். அவர் ஒரு பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். முன்பக்கத்துல ரெண்டு பட்டன். பெருசு ஆன் பண்ண, சின்னது ரீசெட். ரெண்டுக்கும் உள்ளே ஒரே மாதிரி ஒயர்தான் போகுது. பெரிய பட்டன் ஒயரைப் பிடுங்கிட்டு அந்த இடத்துல சின்ன பட்டன் ஒயரைச் செருகினார். சின்ன பட்டனை அமுக்கினார். ஓடுச்சு.

"இப்படிப் பண்ணியிருந்தா பெரிய பட்டனைத் தொட்டே இருக்க வேணாம். பொட்டு அதும்பாட்டுக்கு இருந்திருக்கும். சாமியோ சடங்கோ, அடுத்தவங்க வெச்சதைத் தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுடு சேகர். அழிச்சதைத் திரும்ப ஒட்ட வைக்க நம்ம பையில ஒண்ணும் கிடையாது."

மறுநாள் என்னையும் கூட்டிக்கிட்டு அவரே கோவிலம்பாக்கம் போனார். ஏகாம்பரத்துகிட்ட மன்னிப்புக் கேட்டார். தப்பு பண்ணினவன் நான் பக்கத்துல மரம் மாதிரி நிக்கறேன். ஏகாம்பரம் "வுடு பாய், பொட்டுதானே"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே நான் போகலை. அந்த ஏரியா கால் வந்தா வேற ஆளைத் தள்ளிவிட்டேன்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். எனக்கு வேற யார் இருந்தாங்க கொட்டறதுக்கு? நானும் கல்யாணம் பண்ணிக்கலை, அக்காவும் பண்ணிக்கலை. ரெண்டு பேரும் சேலையூர்ல ஒரு சின்ன ஃபிளாட்ல ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தோம். அக்கா முழுசாக் கேட்டுட்டு, "பாவிப் பயலே, அந்தப் பொண்ணு கை வெச்ச தடத்தையே துடைச்சுட்டு வந்திருக்கியேடா"ன்னா. அந்த வருஷத்துலேருந்து ஆயுத பூஜைக்கு அவ தன் சிஸ்டத்துக்குப் பக்கவாட்டுலதான் பொட்டு வெப்பா. வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவா. "பார்த்துக்கோ இன்ஜினியர் சார், பட்டன்ல வெக்கலை."

ரிட்டயர் ஆனப்புறம் அக்காவுக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் உலகம். பக்கத்து ஃபிளாட்காரங்களுக்குக் கரண்ட் பில் கட்டிக் குடுப்பா, சீட்டு விளையாடுவா. சாயங்காலம் விளக்கேத்திட்டு உக்காந்து அடிக்க ஆரம்பிப்பா. நான் உள்ளே போனா சட்டுனு மறைச்சுடுவா. "என்னக்கா அடிக்கறே?"ன்னா, "உன்னைப் பத்திக் கம்ப்ளெய்ண்ட் எழுதறேன், யாருக்கு அனுப்பறதுன்னுதான் தெரியலை"ன்னுவா.

போன புரட்டாசில பூஜைக்கு மறுநாள் அக்கா சொன்னா, "டேய், இது ஆன் ஆகி ஆகி நின்னு போகுது, கொஞ்சம் பாரேன்." நான் படுத்துக்கிட்டே "அப்புறம் பார்க்கறேன்"னேன். ஆன் ஆகி நின்னு போகுதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? காதுலயே வாங்கலை. அடுத்த வாரமும் சொன்னா. "முப்பது வருஷம் பார்த்தாச்சு, வீட்லயாவது விடேன்"னு கத்திட்டேன். அதோட அவ கேட்கறதை விட்டுட்டா. சாயங்காலம் விளக்கேத்திட்டு டிவி முன்னால சும்மா உக்காந்திருப்பா. தை மாசம் ஒரு காலையில காபி போட்டு வெச்சுட்டு நாற்காலியில உக்காந்தவ எழுந்திருக்கலை.

காரியமெல்லாம் முடிஞ்சு வந்தவங்க கிளம்பினப்புறம்தான் நான் அந்த சிஸ்டம் முன்னால போய் உக்காந்தேன். பட்டன் மேல பொட்டு. சந்தனம் கோணலா, குங்குமம் அதுக்குப் பக்கத்துல தனியா. பக்கவாட்டுல ஒண்ணுமில்லை. அக்காவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனுக்கு நாள் பின்னால குறிக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். பட்டன் எது, பக்கம் எதுன்னு அவளுக்குத் தெரியலை. இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. கூப்பிட்டாளோ, நான்தான் போகலையோ, அதுவும் ஞாபகம் இல்லை. சந்தனத்துல அவ விரல் ரேகை அப்படியே பதிஞ்சு காய்ஞ்சிருக்கு.

இத்தனை நாளும் ஈரத்துணியை எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தேன். ஏகாம்பரம் அந்தச் சிவப்புப் பஞ்சை ஏன் அப்படிப் பார்த்தார்னு இப்பத்தான் புரியுது.

ஷமீமாவுக்காக இதை எழுத உக்காந்தப்போதான் பாய் அந்த ஒயரை மாத்திப் போட்டது ஞாபகம் வந்துச்சு. பாரேன், இத்தனை மாசம் எனக்கு அது தோணவே இல்லை. துடைக்கறதா வேண்டாமாங்கறதுலயே நின்னுட்டேன். இன்னிக்குக் காலையில சிஸ்டம் முன்னால உக்காந்தேன். பக்கத்து மூடியைக் கழட்டினேன். பெரிய பட்டன் ஒயரைப் பிடுங்கினேன். அந்த இடத்துல சின்ன பட்டன் ஒயரைச் செருகினேன். ரெண்டு தடவை தவறிடுச்சு. சின்ன பட்டனை அமுக்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறு. ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பொட்டு அது இடத்துல அப்படியே இருந்துச்சு.

திரையில அக்கா பேர் வந்துச்சு. வசந்தா. கீழே பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம்.

இப்படி ஒண்ணு இருக்குங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. பட்டனையே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். போன வருஷம் ஒரு நாள் அக்காவே கூப்பிட்டா. "திரும்புடா, பாஸ்வேர்டு சொல்றேன், வெச்சுக்கோ. நாளைக்கு எதுக்காவது வேணும்"ன்னா. "எனக்கு எதுக்கு? பாய் திட்டுவாரு"ன்னு விளையாட்டாச் சொல்லிட்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னேன். பாய் அப்பவே இல்லை. அவளே டக் டக்குனு அடிச்சுத் திறந்துக்கிட்டா.

பாஸ்வேர்டை உடைக்க எனக்குத் தெரியும். ஷமீமா, உன் கடையில இருக்கற யாருக்கும் தெரியும், பத்து நிமிஷ வேலை. ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடணும். நான் யாரைக் கேட்பேன்?

அந்தக் கட்டத்துல கோடு விட்டு விட்டு மின்னிக்கிட்டு இருந்துச்சு. பழக்க தோஷம், எழுந்து நாற்காலியை விட்டுட்டு நகர்ந்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு, அவ அடிக்கட்டும்னு நின்னேன்.